கண்மூடிக் கேட்பவனோடு ஆடும் ஆட்டம்

பெரும்போக வேளாண்மை வெட்டி முடிந்து, நெல் வீடு வந்து சேர்ந்த பின், கிழக்கு மாகாணத்துக் கிளிவெட்டியிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் மாலைப் பொழுது சற்றே ஓய்வு கொள்ளும் காலத்தில், மரநிழலிலோ கடை விறாந்தையிலோ நால்வர் கூடிவிட்டால், அங்கே முந்நூற்றுநாலு தொடங்கிவிடும். நம்மவர் கடதாசி ஆட்டங்களுள் இதைப்போல் ஞாபகசக்தியையும் ஊகத்தையும் ஒருங்கே சோதிப்பது வேறில்லை என்பது என் துணிபு. அப்படிப்பட்ட ஆட்டத்திலேயே, நிதானமாக ஆடுகிறவன் தோற்று, கையில் ஒன்றுமில்லாமல் கேட்கிறவன் வெல்வதை அடிக்கடி காண்கிறோமே, அது ஏன் என்பதுதான் இங்கே ஆராயத்தக்க விஷயம்.

ஆட்டம் 32 கடதாசிகளுடையது. ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டும் ஏழும் வெறுமை. ஓர் இனத்தில் 76 ஆக, நான்கு இனத்திலும் சேர்த்து 304. முதல் நான்கு கடதாசிகளை மட்டும் பார்த்துக்கொண்டு இத்தனை புள்ளி எடுப்போம் என்று 160 முதல் கேள்வி கேட்க வேண்டும். மேலே கேட்டவன் துரும்பைக் கவிழ்த்து வைத்த பிறகே மற்ற நான்கும் கைக்கு வரும். ஆகவே கேட்பவன் எவனும் பாதி இருட்டிலேயே கேட்கிறான்.

துரும்பாக்க எண்ணிய இனத்தில் ஒன்பதை மட்டும் வைத்துக்கொண்டு, ஜாக் இல்லாமலே ஒருவன் உயர்த்திக் கேட்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் காணாத கடதாசிகள் 28. அவற்றுள் நான்கு அவனுக்கே வரவேண்டியவை. எட்டு அவன் கூட்டாளிக்கு உரியவை. மிகுதி 16 எதிரிகளுடையவை. அந்த ஜாக் அவன் பக்கத்தில் விழுவதற்கு 28-இல் 12, அதாவது ஏழில் மூன்று பங்கு சாத்தியம். கணக்கை எளிதாக்கும் பொருட்டு, ஜாக் வந்தால் வெற்றி, வராவிட்டால் தோல்வி என்றே கொள்வோம். தொடர்ந்து மூன்று தடவை அவன் வெல்வது ஏறக்குறைய பதின்மூன்றில் ஒரு முறை நடக்கும். பத்துத் தடவை இப்படிக் கேட்டால், அவற்றில் ஐந்தோ அதற்கு மேலோ வென்று, நல்ல ஆட்டக்காரனைப் போலத் தோன்றுவதற்கு நூற்றுக்கு 44 பங்கு இடமுண்டு! நூறு தடவை கேட்டாலோ, பாதியேனும் வெல்லும் சாத்தியம் நூற்றுக்கு ஒன்பதளவாகச் சுருங்கிவிடும். எண்ணிக்கை பெருகப் பெருக உண்மை வெளிப்படும் என்னும் இந்தத் தத்துவத்தை ஜேக்கப் பெர்னூலி கணித ரீதியாக நிறுவிய நூல், அவர் மறைவுக்குப் பின் 1713-இல் வெளிவந்தது. சராசரியிலிருந்து விளைவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதற்கு ஓர் அளவைப் பெயரிட்டு வழங்கியவர் ரொனால்ட் ஃபிஷர், அது 1918-இல்.

மேல்நாட்டுப் போக்கர் ஆட்டத்தில் இச்சிதறல் இன்னும் கடுமையாகத் தெரிகிறது. கைக்கு இரண்டு கடதாசிகள் மட்டுமே வரும் போக்கர் வகையில், இரண்டும் ஏஸாக வந்தால் அதைவிட உயர்ந்த தொடக்கம் கிடையாது. எதிரே எந்தக் கடதாசியோடும் ஒருவன் மட்டும் கடைசிவரை நின்றால், ஏஸ் வைத்திருப்பவன் நூற்றுக்கு 85 தடவை வெல்வான். ஆனால் எதையும் கீழே வைக்க மனமில்லாத ஐவர் நின்றால், அவன் வெல்வது 49 தடவைதான். அதாவது, மிகச் சிறந்த கையோடு தோற்பதே பெரும்பான்மை. என்றாலும், ஆளுக்கு நூறு ரூபாய் வைத்ததாகக் கொண்டால், முதல் நிலையில் சராசரி லாபம் 70 ரூபாய். இரண்டாவதில் 194 ரூபாய். லாபம் மூன்று மடங்கை நெருங்கும்போது, ஏற்றத்தாழ்வு நான்கு மடங்கையும் தாண்டிவிடுகிறது. கண்மூடி ஆடுகிறவர்கள் நிதானமாக ஆடுகிறவனுக்கு நன்மை செய்கிறார்கள். அந்த நன்மை மாத்திரம் நேரான பாதையில் வந்து சேர்வதில்லை. சூதாட்ட விடுதிகளில் ஒவ்வொரு ஆட்டத்திலும் விடுதிக்காரன் தன் பங்கை எடுத்துக்கொள்வதால், அங்கே அந்த நன்மையும் தேய்ந்துபோகும். பணம் வைத்து ஆடுவதை நான் எவருக்கும் விதந்துரைக்க மாட்டேன்.

துன்பம் கணக்கில் இல்லை, சித்தத்தில்தான் இருக்கிறது. "அவனுக்குச் சும்மா விழுகுது மச்சான், எனக்குத்தான் ராசி இல்ல" என்று சலித்துக்கொள்ளும் நல்ல ஆட்டக்காரன், அடுத்த கையில் கோபத்தினால் தானும் உயர்த்திக் கேட்கத் தொடங்குகிறான். எதிரியின் பிழையைத் தன் பிழையாக்கிக்கொள்ளும் கணம் அது. இன்னொரு தவறும் உண்டு. எதற்கும் அஞ்சாதவனை வெருட்டப் பார்ப்பது வீண். போக்கரில் பலவீனமான கையை வைத்துப் பயங்காட்டும் தந்திரம், விட்டுக்கொடுக்கத் தெரிந்தவனிடம்தான் பலிக்கும்; இப்படிப்பட்டவனிடம் நல்ல கை வரும்வரை காத்திருந்து, வந்தபோது தயங்காமல் அதன் முழுப்பெறுமதியையும் கேட்பதே வழி.

காத்திருக்கக் கையிருப்பு வேண்டும். 2011 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் கிழக்கு மாகாணத்தை வெள்ளம் மூடியபோது, உழவில் தவறு செய்யாதவனுடைய வயலும் மற்றவன் வயலோடு சேர்ந்தே அழிந்தது. அப்படி ஒரு போகம் கைவிட்டாலும் மறுபோகம் விதைக்க வித்துநெல் ஒதுக்கும் கமக்காரன், நல்ல விளைச்சல் கண்ட ஆண்டிலும் அதில் கைவைப்பதில்லை. ஆடுகிறவனும், தொடர்ந்து சில தோல்விகள் வந்தால் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் எந்த ஒரு கையிலும் பணயம் வைக்கலாகாது. முந்நூற்றுநாலில் பணமின்றி வெறும் கற்களுக்காக ஆடுகிறவனுக்கும் இது பொருந்தும்.

இளைஞர்களுக்கு நான் சொல்ல விரும்புவது, ஒரு பள்ளிக்கூடக் கொப்பியை ஆட்டத்தின் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே. கேட்டவர் யார், எவ்வளவு கேட்டார், கேட்டபோது கையில் இருந்த நான்கு எவை என்பவற்றை ஒரு நிரலிலும், வென்றாரா தோற்றாரா என்பதை மறு நிரலிலும் எழுதிவாருங்கள். முதற் பத்து வரிகளைப் பார்த்து எவரையும் புகழவோ இகழவோ வேண்டாம். முதல் நிரலை மட்டும் வாசித்து, அந்தக் கையோடு நானும் அவ்வளவு கேட்டிருப்பேனா என்று கேட்டுக்கொண்டு, நூறு வரிகள் நிறைந்த பிறகே இரண்டாவது நிரலைக் கூட்டிப் பாருங்கள்.