பால் வெள்ளை நாய்க்குக் காது கேட்காதது ஏன்?

ராஜபாளையம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது நாய்! பால் போன்ற வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு, நெடிய கால், ஒட்டிய வயிறு. 2005-ம் ஆண்டில் தபால் இலாகா நான்கு இந்திய நாய்களுக்குத் தபால் தலை வெளியிட்டது. அவற்றில் ராஜபாளையம் நாயும் ஒன்று.

முன்பு இது தோட்டத்துக்குக் காவல். காட்டுப் பன்றியைத் துரத்தும் வேட்டைத் துணை. இன்று வேட்டை சட்டப்படி குற்றம். பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரின் மலைக்காடு 1988-ல் சாம்பல் நிற அணில்களின் சரணாலயம் ஆயிற்று. 2021-ல் புலிகள் காப்பகத்தோடும் சேர்ந்தது. நாய்க்கு இப்போது வீட்டு வாசல்தான் வேலை.

வாங்க வருகிறவர்கள் தூய வெள்ளைக் குட்டியைத்தான் கேட்கிறார்கள். ஆனால், அப்படிப் பிறக்கும் குட்டிகளில் சில பிறவிச் செவிடு!

கூப்பிட்டால் வராத குட்டியைத் திமிர் பிடித்தது என்று அடிக்கிறவர்கள் உண்டு. பாவம், கேட்டால்தானே வரும்?

நிறமும் காதும்

தோலின் நிறத்துக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்?

குட்டி தாய் வயிற்றில் வளரும்போது, முதுகுத்தண்டு உருவாகும் இடத்தருகே நிறச் செல்கள் பிறக்கின்றன. அங்கிருந்து அவை உடம்பெங்கும் புறப்பட்டுப் போகின்றன. தோலுக்குப் போனவை ரோமத்துக்கு நிறம் கொடுக்கும். சில செல்கள் உட்காதுக்குள்ளும் போகும்.

காதுக்குள் யார் நிறத்தைப் பார்க்கப் போகிறார்கள்? அங்கே அவற்றுக்கு வேறு வேலை. உட்காதில் உள்ள திரவத்தைச் சரியான பதத்தில் வைத்திருக்க அவை வேண்டும். அவை வந்து சேராவிட்டால், ஒலியை உணரும் நுண்ணிய செல்கள் குட்டி பிறந்த சில வாரங்களில் அழிந்துவிடும். அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை.

இந்தச் செல்களின் பயணத்தை நடத்துவது மரபணு. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் குணக் குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்று மாறினால் ரோமமும் வெளுக்கும், காதும் கெடும்.

பெயர் வந்த கதை

இப்படி ஒரே மரபணு பல இடங்களில் கைவரிசை காட்டுவதற்கு 'பிளியோட்ரோபி' என்று பெயர். 1910-ல் இதற்குப் பெயர் சூட்டியவர் லுத்விக் பிளாட்டே என்ற ஜெர்மன் விலங்கியல் அறிஞர். 'பிளியோன்' என்றால் கிரேக்க மொழியில் 'அதிகம்'. 'ட்ரோபோஸ்' என்றால் 'திருப்பம்'.

பெயர்தான் புதிது, சங்கதி பழையது. நீலக்கண் பூனைகள் செவிடாக இருப்பதை டார்வின் 1859-லேயே எழுதிவிட்டார். 1866-ல் மெண்டல், ஊதாப் பூப் பூக்கும் பட்டாணியின் விதைத் தோலும் நிறத்தோடு இருப்பதைக் குறித்து வைத்தார்.

மனிதரிலும் உண்டு. நெற்றி மயிரில் ஒரு வெள்ளைக் கற்றை, அதோடு செவிட்டுத்தன்மை. இப்படிச் சேர்ந்து வருவதை 1951-ல் டச்சு டாக்டர் வார்டன்பர்க் விவரித்தார். வயதாகி நரைப்பது வேறு. தாத்தாக்கள் பயப்பட வேண்டாம்!

வெள்ளை எல்லாம் ஒன்றல்ல

உடம்பு முழுதும் வெளுத்துப் பிறக்கும் 'அல்பினோ' பிராணிகளுக்குப் பெரும்பாலும் காது நன்றாகக் கேட்கும். அவற்றில் நிறச் செல் இருக்கிறது; சாயம்தான் இல்லை. செவிட்டு வெள்ளை நாயின் காதிலோ செல்லே இல்லை. கடையில் சரக்கு இல்லாததற்கும், கடையே இல்லாததற்கும் உள்ள வித்தியாசம்!

ராஜபாளையத்தில் தவறு நாயுடையது அல்ல. நிறமுள்ள குட்டிகளை ஒதுக்கி, வெள்ளையோடு வெள்ளையையே சேர்த்தது மனிதர்.

குட்டி வாங்குகிறவர்கள் அதன் பின்னால் நின்று, அது பார்க்காதபடி கை தட்டிப் பார்க்கலாம். தரையை மிதித்துச் சோதிக்கக் கூடாது. அதிர்வை உணர்ந்து திரும்பிவிடும். ஒரு காது மட்டும் கேட்கும் குட்டியும் திரும்பும். அதைக் கண்டுபிடிக்க, ஒலி போகும்போது மூளையில் எழும் மின் அலையை அளக்கும் சோதனை இருக்கிறது. ஐந்து வாரக் குட்டிக்கே செய்யலாம். ஒரு காது கேட்காத நாயையும் இனப்பெருக்கத்துக்கு விடக்கூடாது என்கிறார்கள் நிபுணர்கள். இரண்டு காதும் கேட்கும் பெற்றோருக்கும் செவிட்டுக் குட்டி பிறப்பதுண்டு.

செவிட்டுக் குட்டியைக் கைச்சாடையில் பழக்கலாம். கட்டை விரலை உயர்த்தினால் 'சபாஷ்' என்று அதற்குப் புரிந்துவிடும். தெருவில் மட்டும் அவிழ்த்துவிடக் கூடாது. பின்னால் வரும் லாரியின் ஹாரன் அதற்குக் கேட்காது.