காலண்டர் ஊரிலிருந்து ஒரு கால்பந்துக் கேள்வி

ஆடிப் பதினெட்டு வந்தால் சிவகாசி அச்சகங்களில் அடுத்த ஆண்டு பிறந்துவிடும். புதுக் காலண்டர் ஆல்பங்கள் வெளியாவது அன்றுதான். ஜனவரி ஒன்றுக்கு இன்னும் ஐந்து மாதம் கிடக்கும். ஆனால் தைப்பூசம் என்றைக்கு, தீபாவளி எந்தக் கிழமை என்பதெல்லாம் தாளில் ஏறியிருக்கும். 2025-ம் ஆண்டு ஆடியில் இந்த ஊர் 2026-ஐ அச்சுக்கு அனுப்பிக்கொண்டிருந்தபோது, நாட்டின் முதன்மைக் கால்பந்துப் போட்டியான ஐ.எஸ்.எல். அடுத்த மாதமாவது தொடங்குமா என்று அதில் ஆடும் வீரர்களுக்கே தெரியாது. கால்பந்து லீக்குகளுக்கு நடுவில் குளிர்கால விடுமுறை வேண்டுமா என்ற விவாதம் ஐரோப்பாவில் பல ஆண்டுகளாக நடக்கிறது. அதை அப்படியே பெயர்த்து இங்கே நட முடியாது. நம் லீக்குகளுக்கு விடுமுறை அவசியம். அது குளிர்காலத்தில் வரவே கூடாது. அதைவிட முக்கியமாக, அந்த விடுமுறை முன்கூட்டியே அச்சில் வந்திருக்க வேண்டும்.

ஐரோப்பாவின் கதையை முதலில் பார்த்துவிடலாம். ஜெர்மனியின் புண்டஸ்லிகாவில் கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்னால் ஆட்டம் நின்று, ஜனவரியில் மறுபடி தொடங்கும். மண் உறைந்து கல்லாகிவிடும் நாட்டில் இது தவிர்க்க முடியாமல் வந்த வழக்கம். முன்பு ஆறு வாரம் வரை நீண்ட அந்த ஓய்வு, 2009-10 பருவத்திலிருந்து ஏறக்குறைய மூன்றரை வாரமாகச் சுருங்கியது. இங்கிலாந்தில் நிலைமை நேர்மாறு. காணும் பொங்கலுக்கு நம் பக்கத்து ஆட்கள் அலங்காநல்லூருக்குக் கிளம்புவதைப்போல, டிசம்பர் 26 அன்று மைதானத்துக்குப் போவது அங்கே குடும்ப வழக்கம். மற்ற நாட்டு வீரர்கள் கால் நீட்டிப் படுத்திருக்கும் வாரங்களில்தான் அவர்களுக்கு ஆட்டங்கள் குவியும். பல ஆண்டு வாதாட்டத்துக்குப் பிறகு 2020 பிப்ரவரியில் பிரீமியர் லீக்கும் ஒரு சின்ன இடைவேளையைத் தந்தது. சில அணிகளுக்கு ஒரு வார இறுதி, மீதி அணிகளுக்கு அடுத்த வார இறுதி. லிவர்பூலின் ஓய்வு நாட்களுக்குள்ளேயே ஷ்ரூஸ்பரியுடனான எஃப்.ஏ. கோப்பை மறு ஆட்டம் வந்து விழுந்தது. மேலாளர் யூர்கன் க்ளாப் தானும் போகவில்லை, மூத்த வீரர்களையும் அனுப்பவில்லை. பையன்களை இறக்கினார், அவர்களும் ஜெயித்துவிட்டார்கள். 2024-25 பருவத்தில் அந்த இடைவேளையே எடுக்கப்பட்டுவிட்டது. பதிலுக்குப் பருவத்தைச் சற்றுத் தள்ளித் தொடங்குகிறோம் என்றார்கள்.

ஓய்வால் நிஜமாகவே பலன் உண்டா? இதற்கு ஓரளவு உறுதியான பதில் இருக்கிறது. ஸ்வீடன் மருத்துவர் யான் எக்ஸ்ட்ரான்ட் குழுவினர் 2010-11 முதல் ஏழு பருவங்களுக்கு, 15 ஐரோப்பிய நாடுகளின் 56 அணிகளில் காயங்களைக் கணக்கெடுத்தார்கள். குளிர்கால ஓய்வு இல்லாத அணிகள், ஓய்வு உள்ள அணிகளைவிடப் பருவத்துக்குச் சராசரியாக 303 நாட்களைக் கூடுதலாகக் காயத்தில் இழந்திருந்தன. 25 பேர் கொண்ட அணி என்றால் ஆளுக்குப் பன்னிரண்டு நாள். வெளியே உட்காரவைக்கும் கடுங்காயங்களும், மற்றவர்கள் ஓய்வு முடித்துத் திரும்பிய பிறகான மாதங்களில், ஓய்வு எடுக்காத அணிகளிலேயே அதிகம். இந்த எண்ணை வைத்து ஆடிவிடக் கூடாது. ஓய்வு இல்லாத அணிகள் வேறு பலவற்றிலும் மாறுபட்டவை. இங்கிலாந்து அணிகளுக்கு 38 லீக் ஆட்டங்கள் போக இரண்டு உள்நாட்டுக் கோப்பைகளும் உண்டு. எவ்வளவு காயத்துக்கு ஓய்வின்மை காரணம், எவ்வளவு காயத்துக்கு ஆட்டச் சுமை காரணம் என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் அடிப்படை புரிகிறது: உடலுக்குப் பாரம் ஏறும் இடத்தில் இடைவெளி விட்டால் உடல் தாங்குகிறது.

அப்படியானால் இந்தியாவில் பாரம் எங்கே ஏறுகிறது? நவம்பர் கடைசி முதல் மார்ச் தொடக்கம் வரைதான் நாட்டின் பெரும்பகுதியில் ஓடி ஆட ஏற்ற காலம். டெல்லியில் அந்த மாதங்களில் மூச்சு விடுவதே பாடு என்பது உண்மை. அந்தப் பழியில் பட்டாசின் பங்கு எவ்வளவு என்பது சிவகாசிக்காரர்கள் தனியாக வாதாட வேண்டிய வழக்கு. தமிழ்நாட்டுக்கு இன்னொரு சிக்கல். நம் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியைக் கொண்டுவருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழை. ஐ.எஸ்.எல். தொடங்கிய 2014-ல் முழுப் போட்டியும் அக்டோபர் 12 முதல் டிசம்பர் 20 வரை, மிகச் சரியாக இந்த மழைக்குள்ளேயே வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டும் அப்படித்தான். அந்த டிசம்பரில் சென்னை மூழ்கியது. சென்னையின் எஃப்.சி. தன் சொந்த மைதானத்து அரையிறுதியை அட்லெடிகோ டி கொல்கத்தாவுக்கு எதிராகப் புனேயில் போய் ஆட வேண்டியிருந்தது. அங்கே 3-0 என்று வென்று, பிறகு கோவாவில் கோப்பையையும் எடுத்தார்கள் என்பதால் அந்தச் சங்கடம் மறந்துபோனது. மழை ஓர் ஊரின் பிரச்சினை; அதற்காக நாடு முழுவதும் லீக்கை நிறுத்தத் தேவையில்லை. நவம்பரிலும் டிசம்பர் தொடக்கத்திலும் சென்னை அணிக்கு வெளியூர் ஆட்டங்களை அதிகம் போட்டு, ஜனவரி, பிப்ரவரியில் உள்ளூர் ஆட்டங்களைக் கொடுத்தால் தீர்ந்தது. பட்டியல் போடுகிறவர் சுவரில் ஒரு காலண்டரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும்.

வெயில் அப்படியில்லை. அது ஓர் ஊரின் பிரச்சினையே அல்ல. உடல் சூட்டை வெளியேற்றும் வழி வியர்வை. வியர்வை காய்ந்தால்தான் உடல் குளிரும். கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் நிரம்பியிருப்பதால் வியர்வை வழிகிறதே தவிரக் காய்வதில்லை. அதனால்தான் விளையாட்டு மருத்துவர்கள் வெறும் வெப்பமானி எண்ணை நம்பாமல் வெப்பம், ஈரப்பதம், வெயிலின் நேரடிச் சூடு, காற்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரே அளவாக எடுக்கிறார்கள். அந்த அளவு 32 டிகிரியைத் தாண்டினால் ஆட்டத்தின் நடுவே நீர் அருந்த இடைவேளை என்பது ஃபிஃபா வகுத்த முறை. 2014 உலகக் கோப்பையில் பிரேசிலின் ஃபோர்டலேசா நகரில் நெதர்லாந்தும் மெக்சிகோவும் ஆடியபோது அது நடைமுறைக்கு வந்தது. 2026 உலகக் கோப்பைக்கு வானிலை எதுவானாலும் ஒவ்வொரு பாதியிலும் மூன்று நிமிடம் நிறுத்துவது என்றே முடிவாகிவிட்டது. வெயிலும் வேலையும் சேரும்போது என்ன ஆகும் என்பதைச் சிவகாசி வட்டாரத்துக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பட்டாசு ஆலைகளில் மருந்து கலப்பதை வெயில் ஏறுமுன், காலையிலேயே முடிக்கச் சொல்வது வெறும் சம்பிரதாயம் அல்ல. சூடும் உராய்வும் சேர்ந்தால் உயிர்தான் விலை. மைதானத்தில் வெடிப்பதற்கு மருந்து இல்லைதான். ஆனால் நேரம் பார்த்து வேலை செய் என்ற விதி இரண்டு இடத்துக்கும் ஒன்றே.

அந்த விதியை அதிகம் மீறியிருப்பது பெண்கள் கால்பந்தில். பக்கத்து மதுரையின் சேது எஃப்.சி. 2018-19 இந்திய மகளிர் லீக்கை வென்றது. அந்தப் போட்டி நடந்த இடம் பஞ்சாபின் லூதியானா, காலம் மே மாதம். தமிழ்நாடு மகளிர் அணி 2023-ல் ஹரியானாவை 2-1 என்று வீழ்த்தித் தேசியப் பட்டம் வென்றது அமிர்தசரஸில், ஜூன் 28 அன்று. அதே ஆண்டின் மகளிர் லீக் ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரை அகமதாபாத்தில் நடந்தது. வட, மேற்கு இந்தியாவின் வெயிலுக்கு யாராவது பரிசு கொடுப்பதென்றால் இந்த மூன்று ஊர்களும் இறுதிச்சுற்றில் இருக்கும். ஓர் ஊரில் எல்லா அணிகளையும் கூட்டி, சில வாரங்களில் முடித்துவிடும் மலிவான ஏற்பாடு அது. ஆண்கள் போட்டிகள் எடுத்துக்கொண்ட மாதங்கள் போக மிச்சம் இருந்ததே வெயில்காலம்தான். 2023 டிசம்பரில் மகளிர் லீக் உள்ளூர், வெளியூர் ஆட்டங்களாக மாறிக் குளிர்காலத்துக்கு வந்தது. எப்போது ஆட வேண்டும், எப்போது ஓய வேண்டும் என்ற கேள்விக்கு அந்த மாற்றமே பாதி விடை.

இரவில் விளக்கொளியில் ஆடினால் வெயிலுக்கு ஏன் அஞ்ச வேண்டும் என்று கேட்கலாம். ஐ.எஸ்.எல். ஆட்டங்கள் பெரும்பாலும் இரவு ஏழரை மணிக்குத்தானே தொடங்குகின்றன? சூரியனின் நேரடிச் சூடு போய்விடும் என்பது சரி. ஈரம் போகாது, பகலில் ஏறிய சூடும் உடனே இறங்காது. 2023-24 பருவத்தின் இறுதியாட்டம் கொல்கத்தாவில் மே 4 அன்று நடந்தது. அதற்கு நான்கு நாள் முன்புதான் அந்த நகரில் வெயில் 43 டிகிரியைத் தொட்டிருந்தது. அதோடு, விளக்குக் கம்பம் உள்ள மைதானம் பெரும்பாலும் மேல்தட்டு லீக்குக்கே வாய்த்தது. கீழ்நிலை லீக்குகளும் மாவட்டப் போட்டிகளும் வயதுவாரிப் போட்டிகளும் பெரும்பாலும் பகலில்தான் நடக்கின்றன. மேலே உள்ள லீக் மே வரை இழுத்தால் கீழே உள்ளவை ஜூனுக்குத் தள்ளப்படும்.

ஆட்டச் சுமையைப் பற்றிய எதிர்வாதம் இதைவிடக் கனமானது. ஐரோப்பிய வீரர்கள் ஆண்டுக்கு ஐம்பது, அறுபது ஆட்டம் ஆடுகிறார்கள். நம்மவர் 2024-25 லீக் சுற்றில் ஆடியது 24. இவர்களுக்கு என்ன விடுமுறை? குளிர்கால ஓய்வைப் பொறுத்தவரை இந்த வாதத்தை முழுமையாக ஏற்கிறேன். குறைவாக ஆடுகிறவனை நல்ல பருவத்தில் உட்காரவைப்பது அறுவடை நேரத்தில் அரிவாளைக் கீழே வைப்பது. கொடுத்துப் பார்த்த ஓய்வும் ஓய்வாக இருக்கவில்லை. 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பைக்காக லீக்கை ஒரு மாதம் நிறுத்தினார்கள். அந்த மாதத்தை ஒடிசாவில் சூப்பர் கோப்பையை நுழைத்து நிரப்பினார்கள். ஷ்ரூஸ்பரி கதையின் ஒடிசா பதிப்பு. பலன், நான் மேலே சொன்ன மே மாத இறுதியாட்டம். குளிரில் விட்ட ஒவ்வொரு வாரமும் வெயிலில் வட்டியோடு திரும்பி வருகிறது.

இனிச் சொல்வதைச் சிவகாசி மற்ற ஊர்களைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்ளும். தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகள் மூடிக் கொஞ்ச நாள் கழித்துப் பூஜை போட்டுத் திறக்கும். எல்லாரும் எதிர்பார்த்திருக்கும் நாட்கள் அவை. கையில் போனஸ் இருக்கும், திரும்பிப் போக வேலை இருக்கும். 2018 அக்டோபர் 23 அன்று பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகும் ஆலைகள் மூடின, மாதக்கணக்கில் திறக்கவில்லை. இரண்டிலும் கதவு பூட்டியே இருந்தது. ஒன்று விடுமுறை, மற்றொன்று பிழைப்பு போன காலம். இந்தியக் கால்பந்து 2025-ல் கண்டது இந்த இரண்டாவது வகை. கால்பந்து சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் டிசம்பர் 8 அன்று முடியவிருந்தது. புதுப்பிப்பது பற்றி முடிவில்லாததால் ஜூலையில் லீக் நிறுத்திவைக்கப்பட்டது. சில கிளப்புகள் சம்பளத்தையே நிறுத்தின. 2025 ஏப்ரல் 12 அன்று இறுதியாட்டம் ஆடி முடித்த லீக்குக்கு அடுத்த தொடக்க நாள் 2026 பிப்ரவரி 14 என்று மத்திய விளையாட்டு அமைச்சர் ஜனவரியில்தான் அறிவித்தார். இடையே டூரண்ட் கோப்பை, சூப்பர் கோப்பை என்று சில ஆட்டங்கள் கிடைத்திருக்கலாம். ஆனால் பத்து மாதம் லீக் இல்லை. அறிவித்த பருவத்தில் 14 அணிகள், ஒருவரோடொருவர் ஒரே ஒரு முறை, மொத்தம் 91 ஆட்டங்கள். காதலர் தினத்தில் தொடங்கினால் அக்னி நட்சத்திரத்துக்கு எவ்வளவு தூரம் என்று காலண்டர் அச்சடிப்பவர்களைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

ஜப்பானைப் பாருங்கள் என்று சொல்பவர்கள் உண்டு. ஜே லீக் பல ஆண்டுகளாகப் பிப்ரவரியிலிருந்து டிசம்பர் வரை ஆடிவந்தது. 2026-27 முதல் ஆகஸ்டில் தொடங்கி, நடுவில் ஏறக்குறைய இரண்டு மாதம் குளிர்கால ஓய்வு விடப்போகிறது. ஆசிய கிளப் போட்டிகளின் பருவம் மாறியதும், கோடையின் கொடும் வெப்பமும் காரணம். பனி கொட்டும் நீகாட்டா ஊரின் கிளப் எதிர்த்தும் முடிவு நிலைத்தது. ஆனால் அந்த முடிவை அவர்கள் எடுத்தது 2023 டிசம்பரில், இரண்டரை ஆண்டுக்கு முன்னால். அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த இரண்டரை ஆண்டைத்தான். குளிர்கால ஓய்வு அவர்கள் பனிக்காக. நமக்குப் பனி இல்லை.

நமக்கு வேண்டியது அக்டோபரில் தொடங்கி மார்ச் கடைசிக்குள் முடியும் ஒரு லீக். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் வரை எந்த நிலையிலும் பகல் ஆட்டம் இல்லாத, சம்பளம் நிற்காத ஒரு விடுமுறை. பள்ளி விடுமுறையில்தானே பிள்ளைகள் மைதானத்துக்கு வருவார்கள் என்றால், அந்த இரவுகளை ஐ.பி.எல். எப்போதோ பிடித்துக்கொண்டது, பிள்ளைகள் ஆடுவதற்குக் காலை ஆறு மணி இருக்கிறது. தேசிய அணியின் தேவைக்காக ஜனவரியைக் காலியாக வைக்க வேண்டாமா என்று கேட்கலாம். அடுத்த ஆசியக் கோப்பை 2027 ஜனவரியில் சவுதி அரேபியாவில். 2025 அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்ற இந்தியா அதற்குத் தகுதி பெறவில்லை. அந்த ஜனவரியை லீக்குக்கே முழுசாகக் கொடுக்க இனி ஒரு தடையும் இல்லை.