கரணையும் வண்ணக் கத்தியும்



படம் என்றால் தட்டையானது என்பதே நம்மிற் பலருடைய எண்ணம். சுவரில் தொங்கும் நாட்காட்டிப் படத்தைத் தடவிப் பார்த்தால் விரலுக்கு ஒன்றும் தட்டுப்படாது. ஆனால், பார்த்த மாத்திரத்தில் தொட்டுப் பார்க்கத் தூண்டும் படங்களும் உலகில் உண்டு. அவற்றில் வண்ணம் தீட்டப்பட்டிராது, அப்பப்பட்டிருக்கும். உழுத வயலைப் போல மேடும் பள்ளமுமாய் அது எழுந்து நிற்கும். இத்தகைய ஓவியங்களைப் படைத்த தமிழர் ஒருவரைப் பற்றி, சாந்தன்பாறையில் வளர்ந்து இன்று இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரியும் அடியேன் அறிந்த சிலவற்றைக் கூற விரும்புகிறேன்.

அவர்தாம் ஓவியர் கே. எம். ஆதிமூலம். 1938-ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளி வட்டாரத்துக் கீரம்பூர் என்னும் சிற்றூரிற் பிறந்தவர். ஓவியம் கற்கும் வேட்கையோடு சென்னைக்கு வந்த இளைஞரை ஆதரித்து வழிகாட்டியவர் சிற்பி எஸ். தனபால். சென்னை ஓவியக் கல்லூரியிற் பயின்றபின், ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் உத்தியோகம் பார்த்தவாறே தம் கலையை வளர்த்தார். காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-இல் அவரை நூறு கோட்டோவியங்களாக வரைந்து புகழ் பெற்றார். கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ பத்திரிகையில் வெளிவந்தபோது, அதற்குப் படம் எழுதிய கையும் அவருடையதே. 2008-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மறைந்தார்.

கறுப்புக் கோட்டில் இத்துணை வல்லவரான அவர், பிற்காலத்தில் எண்ணெய் வண்ணத்தின் பக்கமும் திரும்பினார் என்பது வியப்பன்றோ? அப்படங்களில் மனிதர் இல்லை, மரம் இல்லை, வீடும் இல்லை. வெளியையே பொருளாகக் கொண்டு, சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகிய வண்ணங்களைக் கத்தியால் பாளம் பாளமாக அப்பி, இழுத்து, வழித்துப் படைத்தார். இவற்றை அரூப ஓவியம் என்பர்.

இவ்வாறு அப்புதற்கு எண்ணெய் வண்ணம் இடங்கொடுப்பது எங்ஙனம்? அது வண்ணப் பொடியை ஆளிவிதை எண்ணெயிற் குழைத்துச் செய்வது. நீர் வண்ணம் நீர் ஆவியாவதால் உலரும். எண்ணெய் வண்ணமோ காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று மெல்ல இறுகும். ஆகையால், அப்பிய மேடு சரியாமல் அப்படியே நிற்கிறது. கனமாக அப்பினால் மேலே ஆடை படிந்தும் உள்ளே பல மாதங்கள் ஈரம் காயாதிருக்கும். அவசரப்பட்டால் சுருங்கும், வெடிக்கும். பொறுமை இல்லாதவனுக்கு இக்கலை வசப்படாது.

இம்முறை புதியதன்று. பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்து நாட்டு ரெம்பிராண்ட் ஒளி படும் இடங்களில் வண்ணத்தைத் தடிப்பாக வைத்தார். 1841-இல் அமெரிக்கரான ஜான் ராண்ட் என்பவர் வண்ணத்தை அடைத்து வைக்கத் தகரக் குழாயைக் கண்டுபிடித்தார். அதன்பின் வந்த வான்கோ குழாயிலிருந்து பிதுக்கிய வண்ணத்தைத் தாராளமாக அப்பி வரைந்தார். நம் நாட்டிலே, மத்தியப் பிரதேசத்து வனத்துறை ஊழியரின் மகனான ரஸா 1950-இல் பாரிசுக்குச் சென்று, அங்குள்ள கிராமங்களைத் தடித்த வண்ணத்தில் வரைந்தார்.

இவையெல்லாம் ஏட்டறிவு. இப்படங்களை எப்படிக் காண வேண்டும் என்பதை எனக்குக் கற்பித்தவர் பள்ளிக்கூடத்தையே அறியாத என் தந்தையார். அவர் கொத்தனார். ஏலத் தோட்டங்களின் லயங்களுக்குச் சுவர் பூசியே எங்களை ஆளாக்கினார். அவர் பூசிய லயங்களிற் பெரும்பாலானவை இன்று இல்லை. “நான் செய்த வேலையில் என்ன மிஞ்சியது?” என்று அவர் சில வேளை கேட்பதுண்டு, எனக்கு விடை தெரியாது.

கண் மருத்துவத்திற்காக அவரைச் சென்னைக்கு அழைத்துச் சென்ற சமயம், ஓர் ஓவியக் காட்சிக்கும் கூட்டிச் சென்றேன். ஆதிமூலத்தின் படம் ஒன்றின் முன்னே நான் நேராக நின்று, ‘இது என்ன?’ என்று திகைத்தேன். தந்தையாரோ பக்கவாட்டிற் சென்று, பூச்சில் மேடுபள்ளம் பார்ப்பவரைப் போல ஒரு கண்ணை மூடி நோக்கினார்.

“இது கரணை வேலை, தம்பி. இந்த இடத்துல கையை எடுக்காம ஒரே இழுப்பா இழுத்திருக்காரு பாரு. இங்க நிறுத்தி யோசிச்சிருக்காரு.”

நானும் அவரருகிற் சென்று பார்த்தேன். சாய்வாக விழுந்த ஒளியில் ஒவ்வொரு வண்ண வரப்பும் தன் நிழலைத் தானே ஏந்தி நின்றது. சற்று நேரம் மௌனமாயிருந்த தந்தையார் பிறகு சொன்னார்: “நான் இழுத்த தடத்தையெல்லாம் மட்டப்பலகை வச்சு நானே அழிச்சிட்டேன். அதுதான் நல்ல பூச்சு. இவரு அழிக்காம விட்டிருக்காரு. இதுவும் நல்லாத்தான் இருக்கு.”

அதற்கு மேல் ஒரு விமரிசகர் என்ன கூறிவிட முடியும்? உழைத்த கையின் தடம் அழியாமல் நிற்பதே இவ்வகை ஓவியத்தின் பொருள். நம் பெரியோர்களின் உழைப்போ, தடம் தெரியாமல் இருப்பதையே சிறப்பாகக் கொண்டது. இரண்டும் ஒரே கையின் திறமைகள்.

அன்பர்களே, இப்படங்களை அச்சிலோ கைபேசியிலோ கண்டால் மேடு மறைந்து வண்ணம் மட்டுமே எஞ்சும். அகலப் பாதைப் பணிக்காகப் பல ஆண்டுகள் நின்றிருந்த போடிநாயக்கனூர் இரயில் 2023 முதல் சென்னை வரை ஓடுகிறது. அடுத்த முறை சென்னை செல்லும்போது அரைநாளை ஓவியக் கூடத்திற்கு ஒதுக்குங்கள். வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். அவர்களுக்கு ஒன்றும் விளங்காது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்; நமக்கு விளங்காததையும் அவர்கள் விளக்கக் கூடும்.