காற்றைக் கேட்டுப் படகேறுங்கள்!

விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போகும் சகோதரிகளே! நெடுந்தீவையும் பார்த்துவர எண்ணமா? மலையேறப் போகிறவர்கள் வழியில் பனி எப்படி என்று விசாரித்த பிறகே புறப்படுவார்கள். நெடுந்தீவுக்கு வழி கடல். அங்கே விசாரிக்க வேண்டியது காற்றை.

வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறைவரை பஸ்ஸிலேயே போகலாம். அங்கிருந்து நயினாதீவு கிட்டத்தில்தான். சுமார் கால்மணி நேரம். நெடுந்தீவுக்கோ திறந்த கடலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம்.

மே முதல் செப்டம்பர்வரை சோழகக் காற்று; அலை படகை ஆட்டிவைக்கும். ஆண்டின் கடைசி மாதங்களில் வாடையும் மழையும். பெப்ரவரி முதல் ஏப்ரல்வரை கடல் பெரும்பாலும் அமைதி.

காலையில் கடல் குளம்போல் கிடந்தாலும் நம்பிவிடாதீர்கள். வெயில் ஏற ஏறக் காற்றும் எழும். திரும்பும் பயணமே சிரமமாகும். கடைசிப் படகு எப்போது என்று இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் சிணுங்கினாலும் உயிர்காப்பு அங்கியைக் கழற்றவிடாதீர்கள்.

பவளக்கல் மதில்கள், பெருத்த பெருக்கு மரம், கட்டாக்காலியாய்த் திரியும் குதிரைகள் என்று பார்க்க நிறைய உண்டு. நிழல்தான் குறைவு, குடையும் தண்ணீரும் மறவாதீர்கள்.

நமக்கு இது ஒருநாள் உல்லாசம். தீவுப் பெண்களுக்கோ யாழ்ப்பாணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கும் இதுவே வழி. கர்ப்பிணியோ நோயாளியோ ஏறினால் எழுந்து இடம் கொடுங்கள். படகோட்டி “இன்றைக்கு வேண்டாம்” என்றால் வற்புறுத்தாதீர்கள். இன்னொரு நாள் போகலாம், இன்ஷா அல்லாஹ்!