எடுத்து நிறுத்தும் பொறி

செஞ்சி நகருக்குப் பெருமை தருவது அதன் கோட்டை. இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்து அமைந்தது அது. ஏறத்தாழ 800 அடி உயர்ந்த இராசகிரியின் உச்சியை அடையும் முன்னர், ஆழ்ந்த பிளவு ஒன்று வழியில் குறுக்கிடும். அதன் அகலம் ஏறத்தாழ 24 அடி. ஆழம் 60 அடி. முற்காலத்தில் அதன்மேல் மரப்பாலம் ஒன்று இருந்தது. வேண்டியவர் வருங்கால் பாலம் இடப்படும். பகைவர் வருங்கால் எடுக்கப்படும். எடுப்பதும், எடுத்ததை உரிய இடத்தில் மீண்டும் வைப்பதுமே கோட்டைக் காவலுக்கு உயிர்நிலையாய் இருந்தன.

கோட்டைக்கு வெளியே, உழவர் வாழ்விலும் தூக்கும் தொழிலே பெருந்தொழிலாய் இருந்தது. கிணற்றருகே நட்ட காலின்மேல் துலாவைப் பொருத்தி, அதன் முனையில் சாலைத் தொங்கவிட்டு, துலாவின்மேல் ஆள்கள் முன்னும் பின்னும் நடந்து நீர் இறைத்தனர். இதுவே ஏற்றம். மனிதனின் எடையையே விசையாக மாற்றிய அரிய கருவி அது. ஆயினும், உழைப்பு அவனை விட்டு நீங்கவில்லை. மின்விசைப் பம்பு வந்த பின்னரே அவன் துலாவிலிருந்து இறங்கினான். ஆகவே, ஒரு பொறி எவ்வளவு எடையைத் தூக்குகிறது என்று கேட்பது மட்டும் போதாது. எவர் தோளிலிருந்து அச்சுமையை இறக்குகிறது என்றும் கேட்டல் வேண்டும். விளையாட்டுக் கூடத்தில் தோன்றிய பொறி ஒன்றின் வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

மேலை நாடுகளில் பரவிய ஆட்டங்களுள் ஒன்று பௌலிங். இது கிரிக்கெட்டில் பந்து வீசுவதன்று. வழவழப்பான நீண்ட பலகைத் தளத்தில் கனத்த பந்தை உருட்டி, 60 அடிக்கு அப்பால் முக்கோண வடிவில் நிற்கும் பத்துக் கட்டைகளை வீழ்த்துவதே இவ்வாட்டம். கட்டை ஒவ்வொன்றும் 15 அங்குல உயரமும், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையும் உடையது. பந்தின் எடை 16 பவுண்டு வரை இருக்கலாம். வீழ்ந்த கட்டைகளை அகற்ற வேண்டும். பந்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். பத்துக் கட்டைகளையும் 12 அங்குல இடைவெளியில் மீண்டும் நிறுத்த வேண்டும். ஆடுவோர்க்கு இன்பம் தந்த ஆட்டம், கட்டை நிறுத்துவோர்க்கு ஓயாத உழைப்பாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டில் இவ்வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் சிறுவர்களே. தளத்தின் கோடியிலுள்ள பள்ளத்தில் அவர்கள் காத்திருப்பர். பந்து பாய்ந்து வரும்போது ஒதுங்கி நிற்பர். தெறிக்கும் கட்டைகளுக்குத் தப்புவர். உடனே குதித்திறங்கிக் குனிந்து எடுப்பர். இரவெல்லாம் குனிவதும் நிமிர்வதுமே அவர்தம் தொழில். லூயிஸ் ஹைன் என்னும் புகைப்படக் கலைஞர், தேசியக் குழந்தை உழைப்புக் குழுவிற்காக நாடெங்கும் சென்று தொழில்புரியும் சிறுவர்களைப் படம் பிடித்தார். 1910ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், இரவு 1 மணிக்குக் கட்டை நிறுத்திக்கொண்டிருந்த சிறுவர்களை அவர் படமெடுத்தார். உறங்க வேண்டிய வேளையில் விழித்திருந்த அக்கண்கள் கண்டோர் உள்ளத்தை உருக்கின.

இவ்வேலையைப் பொறியிடம் ஒப்படைப்பது எளிதன்று. எல்லாக் கட்டைகளும் வீழ்ந்தால் அனைத்தையும் புதிதாக நிறுத்தலாம். சில வீழ்ந்து, சில நின்றால் என் செய்வது? நிற்பவற்றைத் தூக்கி, வீழ்ந்தவற்றை அகற்றி, தூக்கியவற்றை முன்னிருந்த இடத்திலேயே வைத்தல் வேண்டும். காட்ஃபிரீட் சிமிட் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1936ஆம் ஆண்டளவில் இதற்கு வழி கண்டார். அவருடைய உரிமைகளை ஏ.எம்.எஃப். என்னும் நிறுவனம் பெற்று, 1946இல் பஃபலோ நகரில் நடந்த போட்டியில் அப்பொறியைக் காட்சிக்கு வைத்தது. குறைகள் களையப்பட்டு, 1952 முதல் அது பரவலாகப் பயன்பாட்டிற்கு வந்தது.

இப்பொறி இயங்கும் முறையைக் காண்போம். பந்து கட்டைகளைத் தாக்கியதும், துடைப்பம் போன்ற நீண்ட தடுப்பு ஒன்று தளத்தின்மேல் இறங்கும். அடுத்து மேலிருந்து ஒரு மேடை தாழ்ந்து, நிற்கும் கட்டைகளைக் கழுத்தருகே பற்றி உயர்த்தும். அவ்வேளையில் தடுப்பு பின்னோக்கி நகர்ந்து, வீழ்ந்தவற்றைப் பள்ளத்தில் தள்ளும். மேடை மீண்டும் இறங்கித் தான் பற்றியவற்றை அவை நின்ற இடத்திலேயே வைக்கும். பள்ளத்தில் விழுந்த கட்டைகளை ஓடும் பட்டை ஒன்று பின்னே கொண்டு செல்ல, சுழலும் சக்கரம் அவற்றை மேலே உயர்த்தும். அங்குள்ள பங்கீட்டு அமைப்பு கட்டைகளைப் பத்து இடங்களில் ஒவ்வொன்றாகச் சேர்க்கும். அடுத்த ஆட்டத்திற்குப் பத்தும் ஒருங்கே இறக்கப்படும். பந்தோ தனியே உயர்த்தப்பட்டு, சரிவான தடத்தில் தன் எடையாலேயே உருண்டு ஆடுவோரிடம் சேரும். பத்துக் கைகள் செய்யும் வேலையை ஒரு மேடை செய்துவிடுகிறது!

1956இல் பிரன்சுவிக்கு நிறுவனமும் இத்தகைய பொறியை வெளியிட்டது. பௌலிங் கூடங்கள் பெருகின. பள்ளத்தில் நின்ற சிறுவர்கள் மறைந்தனர். எனினும், நன்மையோடு ஓர் இடர்ப்பாடும் வந்தது. அவ்வேலையின் கூலியை நம்பிய ஏழைக் குடும்பங்கள் அதனை இழந்தன. சுமையை இறக்கப் பொறிக்கு இயலும். இறக்கியபின் அச்சிறுவனுக்கு உணவும் கல்வியும் தர அதற்கு இயலாது. அது மன்றத்தின் கடமை, அரசின் கடமை. அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டின் நியாயத் தொழில் தரச் சட்டம் குழந்தை உழைப்புக்கு எல்லை வகுத்தது. இந்திய அரசியலமைப்பின் 24ஆம் உறுப்பு, 14 வயதுக்கு உட்பட்டோரை ஆலையிலும் சுரங்கத்திலும் இடர்மிகுந்த தொழிலிலும் அமர்த்துவதைத் தடுக்கின்றது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வியை உறுதி செய்கின்றது.

அறிவியல் பொறியைப் படைக்கும்; அறம் அதனைப் பயன்படுத்தும் வழியைக் காட்டும். வீழ்ந்த கட்டையை நிமிர்த்த ஒரு பொறி போதும். வீழ்ந்த மனிதனை நிமிர்த்தவோ அறிவும் அன்பும் சட்டமும் ஒன்றுகூடுதல் வேண்டும். சுமை இறங்கிய சிறுவனின் கையில் புத்தகம் ஏறும்போதுதான் அப்பொறியின் பணி நிறைவுறும்.