கடவுளின் சித்தமும் பழவேற்காட்டுப் பாடும்

மனிதர் எப்படி வாழவேண்டும் என்று கடவுள் விரும்புகிறாரோ, அந்த விருப்பத்தைக் கிறித்தவர்கள் கடவுளின் சித்தம் என்கின்றனர். சீர்திருத்தச் சபையாரிடம் ‘சித்தம்’ என்ற சொல்லும், இன்றைய கத்தோலிக்கரிடம் ‘திருவுளம்’ என்ற சொல்லும் வழங்குகின்றன. இயேசு கற்பித்த செபத்திலேயே இது ஒரு வேண்டுதலாக இடம்பெறுகிறது (மத்தேயு 6:10). அந்தச் சித்தப்படி வாழவேண்டும் என்பதில் கிறித்தவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. அதை எப்படி அறிவது என்பதில்தான் சிக்கல். எந்தப் படிப்பில் சேர்வது, எந்த வேலைக்குப் போவது, யாரை மணப்பது என்ற கேள்விகளுக்குப் புத்தாண்டு ஆராதனையில் கிடைக்கும் வாக்குத்தத்த வசன அட்டையில் விடை தேடுவோர் உண்டு. கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து விரல் வைத்துப் பார்ப்போரும் உண்டு.

தமிழில் சீட்டுக் குலுக்கலுக்கே ‘திருவுளச்சீட்டு’ என்று பெயர். விழும் சீட்டில் தெய்வத்தின் உள்ளம் தெரியும் என்ற நம்பிக்கை அந்தப் பெயரில் இருக்கிறது. இது எந்த ஒரு மதத்துக்கும் மட்டும் உரிய வழக்கம் அன்று.

திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள பழவேற்காட்டில் இந்தச் சீட்டு வயிற்றுப்பாட்டோடு சேர்ந்தது. லைட்ஹவுஸ் குப்பம் போன்ற ஊர்கள் ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் நடுவே மணல்திட்டில் அமைந்தவை. போர்த்துக்கீசியர் காலம் முதல் மாதா கோயில் உள்ள கரை இது. இந்து மீனவரும் கிறித்தவ மீனவரும் அருகருகே வாழ்கின்றனர். ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களைப் பங்கிடும் மரபுமுறைக்குப் ‘பாடு’ என்று பெயர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களும் பாட்டு உரிமை உடைய ஊர்களாக ஆய்வுகளில் குறிப்பிடப்படுகின்றன. எல்லா இடத்திலும் ஒரேபோல இறால் கிடைப்பதில்லை. நல்ல இடம் எப்போதும் ஒரே குழுவின் கையில் இருந்தால் ஊரில் சண்டை வரும். அதனால் சீட்டுப் போட்டு வரிசையை முடிவு செய்து, முறை வைத்து மாறிமாறி வலை போடுகிறார்கள். இலங்கையின் நீர்கொழும்புக் கடற்கழியிலும் கத்தோலிக்க மீனவர் சங்கங்கள் வலை போடும் இடங்களைச் சீட்டு மூலமே பிரித்துக்கொள்கின்றன.

வேதாகமத்துக்கும் சீட்டு புதிதன்று. சீட்டு மடியில் விழுந்தாலும் முடிவு ஆண்டவருடையது என்ற கருத்து நீதிமொழிகளில் உண்டு (16:33). யூதாசின் இடத்துக்கு மத்தியா சீட்டு மூலமே தேர்ந்தெடுக்கப்பட்டார் (அப்போஸ்தலர் 1:26). ஆனால் தூய ஆவி இறங்கிய பிறகு சீடர்கள் சீட்டுப் போட்டதாகப் புதிய ஏற்பாட்டில் ஒரு குறிப்பும் இல்லை. புறவினத்தார் விருத்தசேதனம் செய்ய வேண்டுமா என்ற பெரிய வழக்கைக்கூட எருசலேமில் கூடிப் பேசித்தான் தீர்த்தார்கள் (அப்போஸ்தலர் 15). இன்னொன்றையும் மறக்கக் கூடாது. சிலுவையின் கீழே இயேசுவின் அங்கிக்காகப் படைவீரர்கள் போட்டதும் சீட்டுத்தான் (யோவான் 19:24). சீட்டு பங்கை நடுநிலையாகப் பிரிக்கும். பிரிக்கப்படும் பொருள் யாருடையது என்று கேட்காது.

சித்தத்தைத் தேடுவதற்கு வேறொரு வழியை இதே சோழமண்டலக் கரையில் காணலாம். 1542 முதல் முத்துக்குளித்துறையில் பணியாற்றிய பிரான்சிஸ் சவேரியார், 1545இல் மயிலாப்பூரில் தோமாவின் கல்லறை அருகே சில மாதங்கள் தங்கினார். மக்காசருக்குப் போவதா வேண்டாமா என்பதே அவர் கேள்வி. செபத்திலும் சிந்தனையிலும் காத்திருந்து, உள்ளத்தில் கிடைத்த ஆறுதலையும் உறுதியையும் கொண்டு போவதென முடிவு செய்தார். கப்பல் கிடைக்காவிட்டால் கட்டுமரத்திலாவது போவேன் என்ற பொருளில் அந்த மே மாதக் கடிதத்தில் எழுதினார். கடைசியில் மலாக்கா வரை சென்றார். மக்காசருக்கு அல்ல, அம்போன் தீவுக்குத்தான் போனார். இதனால் அவருடைய தேர்வு பொய்யாகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. சித்தத்தை அறிவது வருங்காலத்தை முன்கூட்டிச் சொல்வது அன்று.

அவரது குருவான இக்னேஷியஸ் லொயோலா இதற்கு ஒரு வரம்பு வைத்தார். நல்லவற்றுக்கு இடையேதான் தேர்வு செய்யலாம். தீயது என்று தெரிந்ததைப் பற்றி ‘கடவுள் விரும்புகிறாரா’ என்று கேட்கவே இடமில்லை. மாணவர்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். நியாயம் செய்தல், இரக்கத்தை விரும்புதல், தாழ்மையாய் நடத்தல் என்று மீகா 6:8 வெளிப்படையாகச் சொன்னதை விட்டுவிட்டு, சொல்லாத கல்லூரிப் பெயருக்காக அடையாளம் தேடுகிறோம்.

நேர்ந்த துன்பத்தையெல்லாம் கடவுளின் சித்தம் என்று சொல்லிவிடுவதும் சரியன்று. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை பழவேற்காட்டுக் கரையையும் தாக்கியது. அன்று ஞாயிற்றுக்கிழமை. இறந்தவர்கள் அதிகப் பாவிகளா என்ற கேள்விக்குச் சீலோவாம் கோபுரம் விழுந்த செய்தியிலேயே இயேசு ‘இல்லை’ என்று விடை சொல்லியிருக்கிறார் (லூக்கா 13:1-5).

கரையில் இதைவிடக் கடினமான கேள்வி பாட்டைப் பற்றியதுதான். குலுக்கும்போது எல்லாச் சீட்டும் சமம். ஆனால் குலுக்கலில் பெயர் சேர்வதற்கு மரபுப்படி பட்டினவர் சாதியில் பிறந்திருக்க வேண்டும். இறாலுக்கு ஏற்றுமதி விலை வந்தபின், பாட்டு உரிமை இல்லாத ஊர்களும் ஏரிக்கு வந்தன, மோதல்களும் நடந்தன. இருளர் பெண்கள் அதே தண்ணீரில் இறங்கி, கையால் தடவி இறால் எடுக்கிறார்கள். விழுந்த சீட்டைத் திருவுளம் என்று ஏற்கும் ஒரு கிறித்தவர், சீட்டே இல்லாதவரின் நிலையையும் அப்படியே சொல்ல முடியுமா? மரபுரிமை இல்லாவிட்டால் ஏரி எப்போதோ வற்றச் சுரண்டப்பட்டிருக்கும் என்ற வாதத்திலும் உண்மை இருக்கிறது. அது நாடகத்துக்காகச் சொல்லப்படுவது அன்று. ஆனால் அது மீன்வளத்தைப் பற்றிய வாதம். அதைக் கடவுளின் பெயரில் வைக்கும்போதுதான் பேச்சு அடைபடுகிறது.

கடவுளின் சித்தம் எது என்று பகுத்தறியச் சொல்லும் ரோமர் 12:2 மூலத்தில் பன்மையில் அமைந்தது. தனி ஒருவருக்கு அன்றி, யூதரும் மற்றவரும் ஒரே பந்தியில் உட்காரத் தயங்கிய ஒரு நகரத்துச் சபைக்குப் பவுல் எழுதியது அது.