சுவர் மூடுமுன் பாருங்கள்

வெந்நீர் வேண்டுமாயின் கன்னியாவுக்குச் சென்றுவிடலாம். அங்கே ஏழு கிணறுகள் இருக்கின்றன. குளிர்நாடுகளிற் குடியேறிய எம்மவரோ வீட்டைச் சூடாக்குவதற்கே அறைதோறும் வெந்நீர்க் குழாய் ஓட்டுகின்றனர். திருகோணமலையில் அத்தேவை இல்லை. எனினும், குழாய்வேலையின் தரத்தை அறியாதார்க்கு வரும் நட்டம் ஈரிடத்தும் ஒன்றே.

உட்துறைமுகத்தை அண்டிய எமது வீட்டைத் திருத்தியபோது இதனைப் பட்டறிந்தோம். குழாய் பொருத்துபவர் காலையில் ஒட்டினார். மாலையில் மேசன் சுவரைப் பூசினார். கூலியையும் முழுமையாகக் கொடுத்துவிட்டோம். இரண்டாம் மாதம் சாமி அறைச் சுவரில் ஈரம் படர்ந்தது. பூச்சை உடைத்துப் பார்த்தால், ஒரு வளைவில் குழாய் பாதியளவே நுழைந்திருந்தது. பசையும் ஒரு பக்கத்தில் மட்டுமே. மகளின் படிப்புக்கென வைத்திருந்த பணத்தில் ஒரு பகுதி அச்சுவருக்குட் போயிற்று. பாராமற் பணம் கொடுத்த எமக்கும் குற்றத்திற் பங்குண்டு.

பி.வி.சி. குழாயை நேராக வெட்டி, பிசிறு நீக்கி, அழுக்குத் துடைத்து, குழாயிலும் மூட்டிலும் பசை பூச வேண்டும். கடைசிவரை அழுத்தி, காற்சுற்றுத் திருப்பி, அரை நிமிடமளவு விடாமற் பிடிக்க வேண்டும். இப்பசை பிளாஸ்டிக்கைச் சிறிது கரைத்து இரண்டையும் ஒன்றாக்குவது. ஆதலால் அமுக்கம் கொடுக்குமுன் ஒரு நாள் விடுதல் நலம். மூட்டின் வாயைச் சுற்றி மெல்லிய பசைவளையம் தெரிந்தால் நல்ல வேலை. வழிந்து உறைந்திருந்தால், உள்ளேயும் உறைந்து வழியை ஒடுக்கியிருக்கக்கூடும்.

பின்னர் சோதனை. வாய்களையெல்லாம் அடைத்து, நீர் நிரப்பிக் காற்றை வெளியேற்றி, கைப்பம்பினால் அமுக்கம் ஏற்றி, மானியின் முள் இறங்குகிறதா என்று பார்ப்பதே முறை. தண்ணீர்த் தாங்கியைத் திறந்துவிட்டு, "ஒழுகவில்லையே, ஐயா" என்பாரை நம்பற்க. 10 மீற்றர் உயர நீரே ஏறத்தாழ 1 பார் அமுக்கந்தான் தரும். சிறிய வீட்டின் தாங்கி அதிற் பாதியளவு தந்தாலே பெரிது. கருவி இல்லையெனில், இரவில் எல்லாவற்றையும் மூடி, நீர்மானியின் எண்ணையும் தாங்கியின் நீர்மட்டத்தையும் குறித்து, விடியலில் ஒப்பிடுக. முன்னது தெருவிலிருந்து வரும் குழாய்களையும், பின்னது தாங்கியிலிருந்து இறங்குவனவற்றையும் காட்டிக்கொடுக்கும்.

நிற்க, எமது பட்டினத்துக்கே உரிய தொல்லைகள் வேறு. உப்புக்காற்று இரும்புக் குழாயையும் ஆணியையும் அரிக்கும். வெயிலிற் கிடக்கும் பி.வி.சி. நாளடைவில் வெளிறி நொறுங்குந் தன்மை பெறும். வர்ணம் பூசுவது காப்பு. 10 மீற்றர் குழாய், வெப்பம் 20 பாகை ஏறினால் ஏறத்தாழ 12 மில்லிமீற்றர் நீளும். ஆகவே பிடிகள் குழாயைத் தாங்க வேண்டுமேயன்றி நெரிக்கலாகாது. குளிர்நாட்டு வீடுகளில் இரவில் 'டிக் டிக்' என ஒலிப்பதும் இடமின்றி நீளும் வெந்நீர்க் குழாய்களே.

இரண்டாம் முறை வந்தவர் இளைஞர். "நாளைக்குப் பூசலாம், சேர்" என்று அவரே மேசனை நிறுத்தினார். ஒரு நாட்கூலி வீணாயிற்றென வீட்டில் முணுமுணுப்பு எழுந்தது. மறுநாள் முள் அசையாது நின்றதைக் கண்டபின் மேசனை அழைத்தோம்.